லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரம்: பெங்களூரு சாலை மேற்பார்வையாளருக்கு என்ன பயிற்சி வேண்டும்?

பெங்களூருவின் முக்கியச் சாலைகளில் தார் போடும் வேலை பெரும்பாலும் இரவில்தான் நடக்கிறது. பகலில் கனரக லாரிகளுக்கு நேரக் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாடு இல்லாத நேரத்திலும் நெரிசலில் டிப்பர் நகராது. ஆகவே போக்குவரத்து அடங்கிய பிறகு தாரை விரிக்கும் பேவர் இயந்திரம் இறங்கும், ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கும் ஊருக்கு வெளியிலுள்ள ஹாட்மிக்ஸ் பிளான்டிலிருந்து லாரிகள் வர ஆரம்பிக்கும், விடிவதற்குள் சாலையைத் திறந்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பெரிய பொறியாளர் யாரும் இடத்தில் இருப்பது அரிது. நிற்பவர் மாநகராட்சியின் வொர்க் இன்ஸ்பெக்டர், இல்லையென்றால் ஒப்பந்ததாரரின் சூப்பர்வைசர். போட்ட தார் பல வருஷம் கிடக்குமா, அடுத்த அக்டோபர் மழையிலேயே குழியாகுமா என்பது அந்தச் சில மணி நேரத்தில் அவர் எதை அனுமதித்தார், எதை மறுத்தார் என்பதில் இருக்கிறது.

நகராட்சிப் பக்கத்தில் பயிற்சிக்கு நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் நகர உள்ளாட்சிப் பணியாளர்களுக்கு மைசூருவில் மாநில நகர்ப்புற வளர்ச்சி நிறுவனம் இருக்கிறது. டெல்லியில் மத்திய சாலை ஆராய்ச்சி நிலையமும் நொய்டாவில் இந்திய நெடுஞ்சாலைப் பொறியாளர் அகாடமியும் குறுகிய காலப் பயிற்சிகள் நடத்துகின்றன. அவை பெரும்பாலும் பொறியாளர்களை எண்ணி அமைந்தவை. ஒப்பந்ததாரர் பக்கத்தில் நிற்பவருக்கு முறையான பயிற்சி பெரும்பாலும் கிடையாது. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூர் தாண்டி வேலைக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர், மூத்த மேஸ்திரியின் பின்னால் நின்றுதான் தொழில் கற்கிறார்கள். மேஸ்திரிக்குத் தெரிந்த நல்லதும் கெட்டதும் சேர்ந்தே இறங்குகிறது.

2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியான பிபிஎம்பி போய், கிரேட்டர் பெங்களூரு ஆணையத்தின் கீழ் ஐந்து மாநகராட்சிகள் வந்தன. இனி ஐந்து நிர்வாகமும் தனித்தனியே பணியாளர்களையும் தர அளவுகளையும் வைத்துக்கொள்ளும்போது, மேற்பார்வையாளருக்கு எதைக் கட்டாயமாகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானிப்பது நல்லது. எங்கள் பார்வையில், பாடத்திட்டத்தை ஒரே கேள்வியை வைத்து எழுதிவிடலாம்: எந்தெந்த இடத்தில் வேலையை நிறுத்த அவருக்குத் தெரிய வேண்டும்?

சூடு

முதல் நிறுத்தம் லாரியின் பின்கதவில். நகரச் சாலைகளில் பரவலாகப் பயன்படும் விஜி-30 என்ற பாகுத்தன்மை ரகத் தாருக்கு, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு சொல்லும் கணக்கு இது: பிளான்டிலிருந்து கலவை 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் வெளியே வர வேண்டும், சாலையில் விரிக்கும்போது 140-க்குக் குறையக் கூடாது, உருட்டும்போது 90-க்குக் கீழே போகக் கூடாது. விஜி-40 என்றால் இவை முறையே 160 முதல் 170, 150, 100.

பிளான்டுக்கும் பேவருக்கும் நடுவே கையில் இருப்பது வெறும் 10 முதல் 25 டிகிரி என்பதைக் கவனியுங்கள். பிடதிப் பக்கத்திலிருந்தோ ஒசகோட்டைப் பக்கத்திலிருந்தோ வரும் லாரி, வழியில் ஒரு சிக்னலில் மாட்டி, வேலை இடத்தில் முன்னால் நிற்கும் இரண்டு லாரிக்காகக் காத்திருந்தால் அந்த இடைவெளி தீர்ந்துவிடும். தார்ப்பாய் போர்த்தாத லாரியில் மேல்பக்கம் ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓடு பேவருக்குள் உடைந்து கட்டியாக விழுகிற இடம்தான் பிறகு முதலில் பெயர்கிறது. எனவே பயிற்சியின் முதல் நாளிலேயே ஒவ்வொருவர் கையிலும் கம்பி வடிவ வெப்பமானி ஒன்றைக் கொடுத்து, லாரிக் குவியலின் நடுவில் குத்திப் படிக்கப் பழக்க வேண்டும். துப்பாக்கி போலிருக்கும் அகச்சிவப்பு வெப்பமானி வசதியானதுதான், ஆனால் அது மேல்தோலை மட்டும்தான் படிக்கும். மேலே 125 காட்டும் குவியல் உள்ளே 150 இருக்கலாம். அதை மட்டும் நம்பி நல்ல லாரியைத் திருப்பி அனுப்பியவரின் பேச்சு அடுத்த முறை எடுபடாது.

கண்ணாலேயே சொல்லக்கூடியவையும் உண்டு. குவியலிலிருந்து நீலப் புகை எழுந்தால் கலவை கருகியிருக்கிறது. வெள்ளையாக நீராவி வந்தால் ஜல்லி சரியாகக் காயவில்லை. குவியல் கூம்பாக நிற்காமல் தட்டையாகப் பரவி மினுமினுத்தால் தார் அதிகம் அல்லது சூடு அதிகம். பழுப்பாக, மங்கலாக, சில ஜல்லிகள் பூச்சில்லாமல் தெரிந்தால் தார் போதாது. இந்த நான்கையும் படத்தில் காட்டிப் பயனில்லை. பிளான்டுக்குக் கூட்டிப்போய் வேண்டுமென்றே கெடுத்த கலவையை ஒரு வண்டி போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். செலவுதான், ஆனால் ஒரு தெருவைப் பெயர்த்துப் போடுவதைவிட மலிவு.

நிராகரிப்பதை எழுத்தில் செய்யப் பழக்குவதும் பயிற்சியில் அடங்கும். லாரி எண், பிளான்டை விட்ட நேரம், வந்த நேரம், படித்த வெப்பம், வெப்பமானி தெரியும் புகைப்படம், ஓட்டுநரின் கையெழுத்து. இந்த ஆறும் ஒரு சீட்டில் இருந்தால் மறுநாள் காலை வரும் தொலைபேசி அழைப்பைச் சமாளிக்கலாம். இல்லையென்றால் "நம்ம பையன் தேவையில்லாமல் வேலையை நிறுத்திட்டான்" என்பதுதான் பேச்சாக இருக்கும்.

லாரிச் சீட்டில் ஒளிந்திருக்கும் தடிமன்

மேற்பார்வையாளர் மனக்கணக்காகப் போட வேண்டிய ஒன்று உண்டு. 100 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 40 மில்லிமீட்டர் தடிமனில் மேல்படுகை. கன அளவு 24 கனமீட்டர். உருட்டி முடித்த கலவையின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 2.35 டன். ஆக 56 டன் கலவை வந்திருக்க வேண்டும். அன்றிரவின் எடைச் சீட்டுகளைக் கூட்டினால் 48 டன்தான் வருகிறது என்றால், போட்டது 34 மில்லிமீட்டர். சாலையைத் துளைத்துக் கோர் என்ற உருளை மாதிரி எடுக்காமலேயே இது தெரிந்துவிடும். பில் போடும் நாள்வரை காத்திருக்காமல், பாதி நீளம் முடிந்ததும் இந்தக் கணக்கைப் போட்டால் மீதிப் பாதியிலாவது தடிமனைச் சரியாக்கலாம். பில்லுக்கு அளவு பதியும் மெஷர்மென்ட் புக்கில் 40 என்று எழுதிவிட்ட பிறகு கோர் 34 காட்டினால் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே கணக்கை இன்னும் ஒரு படி கொண்டுபோகலாம். இந்த மேல்படுகையின் மெல்லிய ரகத்தில் மொத்த எடையில் குறைந்தது 5.4 சதவீதம் தார் இருக்க வேண்டும் என்கிறது விவரக்குறிப்பு. 56 டன்னுக்குச் சுமார் 3 டன் தார். பிளான்டின் கொள்முதல் பதிவோடு இதை ஒப்பிடுவது மேற்பார்வையாளரின் வேலையல்ல. ஆனால் எண் தெரிந்தவரிடம் ஏமாற்றுவது கடினம்.

ஒட்டும் பூச்சும் உருளையும்

பழைய தாருக்கு மேல் புதுப் படுகை போடும்போது நடுவில் தெளிக்கும் எமல்ஷனைத்தான் (தண்ணீரில் கலந்த தார்) டேக் கோட் என்கிறோம். பழைய தார்ப் பரப்புக்குச் சதுரமீட்டருக்கு 0.2 முதல் 0.3 கிலோ, கான்கிரீட் பரப்புக்கு 0.3 முதல் 0.35 கிலோ. மேலே சொன்ன 600 சதுரமீட்டருக்கு 150 கிலோ அளவில் வேண்டும். தெருக்களில் இதைப் பூவாளியால் ஊற்றிவிட்டு நகர்வதைப் பார்க்கலாம். ஓரிடத்தில் குளமாகவும் ஓரிடத்தில் சொட்டாகவும் இருக்கும். குளமான இடத்தில் மேல்படுகை வழுக்கி அலை விழும், வறண்ட இடத்தில் தோல் உரிவதுபோல் பெயரும். தூசியைக் கம்ப்ரசரால் ஊதாமல் தெளித்தால் எமல்ஷன் தூசியோடு ஒட்டிக்கொண்டு சாலையைத் தொடாமலே இருந்துவிடும். தெளித்த எமல்ஷன் பழுப்பு நிறத்திலிருந்து கருப்பாக மாறும்வரை பேவர் நகரக் கூடாது. அவசரத்தில் மிகுதியாக மீறப்படும் விதி இதுதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

உருட்டுவதில் நேரம்தான் எதிரி. டிசம்பர், ஜனவரி ராத்திரியில் பெங்களூரு 15 டிகிரிப் பக்கம் இறங்கும். அந்தக் குளிரில் 40 மில்லிமீட்டர் படுகை கால் மணி நேரத்துக்குள்ளாகவே உருட்ட முடியாத சூட்டுக்கு வந்துவிடலாம். 25 மில்லிமீட்டர் என்றால் அதைவிட வேகம். "மெல்லிசாப் போட்டா சீக்கிரம் முடியும்" என்பவருக்கு இதை உணர்த்த வேண்டும்: மெல்லிய படுகை சீக்கிரம் முடிவதில்லை, சீக்கிரம் ஆறிப்போகிறது.

வரிசை இது. முதலில் 8 முதல் 10 டன் இரும்பு உருளை, பேவரை ஒட்டியே. எஞ்சின் சுழற்றும் சக்கரம் பேவர் பக்கம் இருக்க வேண்டும். அடுத்து அதிர்வு உருளை அல்லது 12 முதல் 15 டன் டயர் ரோலர். கடைசியில் 6 முதல் 8 டன் உருளை, சக்கரத் தடம் மறைய. ஓரத்தில் ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும், வேகம் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. சக்கரத்தில் கலவை ஒட்டாமலிருக்கத் தண்ணீர்தான். டீசல் துணியால் துடைப்பது பழைய பழக்கம், அது தாரைக் கரைத்துவிடும். டீ குடிக்கப் போகும் ஓட்டுநர் ரோலரைப் புதுப் படுகையின் மேலேயே நிறுத்திவிட்டுப் போனால், அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நிற்கப்போகிறது.

முடிவில் எட்ட வேண்டியது, கலவையின் கோட்பாட்டு உச்ச அடர்த்தியில், அதாவது உள்ளே காற்றே இல்லையென்றால் இருக்கும் அடர்த்தியில், குறைந்தது 92 சதவீதம். மீதி 8 சதவீதத்துக்குமேல் காற்று இருந்தால் அந்தக் காற்று இருக்கும் இடத்தில் தண்ணீர் போகும். ரோலர் ஒன்றுதான் வந்திருக்கிறது, டயர் ரோலர் "அடுத்த சைட்ல இருக்கு" என்றால், அன்றைய வேலையைத் தொடங்கக் கூடாது. ஆரம்பித்த பிறகு நிறுத்துவதைவிட ஆரம்பிக்காமல் இருப்பது எளிது.

மட்டம் தவறினால் தார் என்ன செய்யும்

பெங்களூரு ஒரு மேட்டு நிலம். ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி ஆகிய பள்ளத்தாக்குகளுக்குச் சரிந்து ஓடும் தண்ணீரை ராஜகாலுவை என்ற பெருவடிகால்கள் வாங்கிக்கொள்கின்றன. சரிவு இயற்கையாகவே இருக்கும் ஊரில் சாலையில் தண்ணீர் தேங்குகிறது என்றால், பெரும்பாலும் அது சாலை ஓரத்துக்கும் வடிகால் வாய்க்கும் நடுவில் உள்ள சில சென்டிமீட்டர் தவறுதான். நல்ல தாரும் தேங்கிய தண்ணீரில் வண்டி ஓடினால் தாங்காது. சக்கரம் அழுத்தும்போது விரிசல் வழியே தண்ணீர் உள்ளே பாயும், விடும்போது உறிஞ்சி வெளியே வரும். ஜல்லியிலிருந்து தார் கழன்றுவிடும்.

ஆகவே பாடத்திட்டத்தில் அதிக நேரத்தை மட்டத்துக்குக் கொடுக்க வேண்டும். 7 மீட்டர் சாலைக்கு 2 சதவீதச் சரிவு என்றால், நடுவைவிட ஓரம் 7 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். நூல் கட்டி, டேப் பிடித்து இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பேவரில் போட்ட மேல்படுகைக்கு மட்டத்தில் 6 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கமும், கையால் போட்டதற்கு 10 மில்லிமீட்டரும் அனுமதி.

அடுத்தது, பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போடுவது. நடைபாதைக் கல் சாலையிலிருந்து 150 மில்லிமீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். 40 மில்லிமீட்டராக மூன்று முறை போட்டால் 120 போய்விட்டது, மீதி 30. வடிகால் வாயின் கம்பி வலை சாலைக்குக் கீழே புதைந்துபோகும், அல்லது தார் அதன் மேலேயே மூடிவிடும். பழைய பகுதிகளில் வீட்டு வாசற்படி சாலையைவிடத் தாழ்ந்து கிடப்பதற்குக் காரணமும் இதுதான். ஸ்ரீராம்புரம், அல்சூர் போன்ற தமிழர் அதிகம் வாழும் பழைய பேட்டைகளின் ஒடுங்கிய தெருக்களில் மழைத் தண்ணீர் நேரே வீட்டுக்குள் போகிறதென்றால், சுரண்டும் இயந்திரத்துக்கான தொகை எஸ்டிமேட்டில் இருந்ததா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மேன்ஹோல் மூடிகளும் இதே கதை. மேல்படுகை போடுவதற்கு முன்பே சட்டத்தை உயர்த்தி, புது மட்டத்துக்குக் கொண்டுவந்து, சுற்றிலும் கான்கிரீட் வைத்து இறுகவிட வேண்டும். மூடி குடிநீர் வாரியத்துடையது, சாலை மாநகராட்சியுடையது. யார் உயர்த்துவது என்ற கடிதப் போக்குவரத்து முடிவதற்குள் தார் போட்டாகிவிடும். பிறகு மூடியைச் சுற்றி உடைத்துத் தூக்குவார்கள். அந்த வளையத்தில்தான் அடுத்த குழி. வேலைக்கு ஒரு வாரம் முன்பு எல்லா மூடிகளையும் எண்ணி, பெயின்டால் வட்டமிட்டு, பட்டியலை வாரியத்தின் பகுதிப் பொறியாளருக்கு அனுப்புவது மேற்பார்வையாளரின் வேலையாக எழுதப்பட வேண்டும்.

வேலை முடிந்தபின் செய்யும் மிக எளிய சோதனைக்கு ஒரு தண்ணீர் டேங்கர் போதும். நடுவில் திறந்துவிட்டு, தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் வரைந்துகொள்ளலாம்.

வெட்டிய பள்ளம்

குழாய், கேபிள், எரிவாயு என்று சாலையை வெட்டாத மாதமே கிடையாது. அனுமதியை ஒருங்கிணைக்க மார்க்ஸ் என்ற இணைய ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அனுமதி வாங்கிய பள்ளமும் வாங்காத பள்ளமும் மூடப்படும் விதம் ஒன்றுதான். ஒரு மீட்டர் ஆழப் பள்ளத்தில் தோண்டிய மண்ணையே ஒரே மூச்சில் தள்ளி, ஜேசிபி பக்கெட்டால் இரண்டு தட்டுத் தட்டி, மேலே ஜல்லி. முதல் மழையில் மண் அமுங்கும், பள்ளத்தின் நீளத்துக்கு வாய்க்கால் விழும்.

மூடும் முறை இப்படி: குழாயைச் சுற்றி மணல், அதன்மேல் நல்ல மண் 150 மில்லிமீட்டர் படுகைகளாக, ஒவ்வொன்றையும் சற்று ஈரமாக்கி பிளேட் காம்பாக்டரால் தட்டுவது. ஒரு மீட்டருக்கு ஆறேழு படுகை வரும். மேலே தார் பகுதியைப் பள்ளத்தைவிட இருபுறமும் 15 சென்டிமீட்டராவது அகலமாக, நேர்க்கோட்டில் அறுத்துப் போட வேண்டும். கலையாத தரையின் மேல் புதுத் தார் தோள் சாய்ந்து நிற்கும். மேற்பார்வையாளர் ஒவ்வொரு படுகைக்கும் நிற்க முடியாது. மூன்றாவது படுகையில் முன்னறிவிப்பில்லாமல் வந்து ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தாலே போதும். கை பலத்திலேயே அது இறங்கினால் மண்ணை அள்ளச் சொல்லலாம்.

குழி அடைப்பதும் இதன் தம்பிதான். சதுரமாகக் கோடு போட்டு, நல்ல தார் தெரியும்வரை செங்குத்தாக அறுத்து, சுத்தம் செய்து, அடியிலும் பக்கச் சுவரிலும் எமல்ஷன் தடவி, படுகை படுகையாகக் கலவை நிரப்பித் தட்டுவது. உதிரிக் கலவை அமுங்கும் என்பதால் கடைசிப் படுகை சற்று மேடாக இருக்க வேண்டும். 1 மீட்டருக்கு 80 சென்டிமீட்டர், ஆழம் 75 மில்லிமீட்டர் என்றால் 140 கிலோ கலவை வேண்டும். "ரெண்டு சட்டி போதும்" என்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லுங்கள். தண்ணீர் நிற்கும் குழியில் சூடான கலவையைக் கொட்டுவது பணத்தைக் கொட்டுவது. மழை விடாத வாரத்தில் பையில் வரும் ஆயத்தக் கலவையைப் போட்டு ஆபத்தைக் குறைத்து, தற்காலிகம் என்று பதிவேட்டில் குறித்துவைத்து, வெயில் வந்ததும் திரும்பி வரவேண்டும். அந்தக் குறிப்பு இல்லாததால்தான் தற்காலிகங்கள் நிரந்தரமாகின்றன.

வெள்ளைச் சாலைகள்

பழைய தாருக்கு மேல் கான்கிரீட் போடும் வைட் டாப்பிங் இந்நகரில் பல முக்கியச் சாலைகளில் நடந்திருக்கிறது. தாரில் பழகிய சூப்பர்வைசருக்கு இங்கே தனிப் பயிற்சி வேண்டும். ரெடிமிக்ஸ் லாரி ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கப்பட வேண்டும். கெட்டியாகிவிட்டது என்று ஓட்டுநர் குழாயைத் திறந்து தண்ணீர் சேர்த்தால், அந்த லாரி திரும்பிப் போக வேண்டிய லாரி. இணைப்புக் கோடுகளைக் கான்கிரீட் இறுகிய சில மணி நேரத்திலேயே, தடிமனில் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு அறுத்துவிட வேண்டும். அறுவை இயந்திரக்காரர் காலையில் வருவார் என்று விட்டால் விரிசல் தன் இஷ்டப்படி கோடு போட்டுவிடும். 14 நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைக்க வேண்டும். குறுக்கே கேபிளுக்கான குழாய்களை முன்பே புதைக்காவிட்டால், ஒரு வருஷத்தில் கான்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் சத்தம் கேட்கும்.

ஆள் பாதுகாப்பு

இதில் விவாதமே வேண்டாம். மேன்ஹோலுக்குள் யாரையும் இறக்கக் கூடாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபாயகரமான முறையில் சாக்கடையைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவது குற்றம். "ஒரு நிமிஷம் மூடியை எடுத்துப் பார்த்துட்டு வரட்டும்" என்றாலும் விடக் கூடாது. வேலை இடத்தை முன்னெச்சரிக்கை, வண்டிகள் தடம் மாறும் ஒதுங்குமிடம், வேலைப் பகுதி, முடிவு என்று நான்காகப் பிரித்துத் தடுப்பு வைக்கச் சொல்கிறது இந்தியச் சாலைப் பேராயத்தின் எஸ்பி-55 வழிகாட்டி. ராத்திரி வேலையில் ஒதுங்குமிடத்தைத்தான் குறுக்கிவிடுகிறார்கள். சூடான தார் தோலில் பட்டால் குளிர்ந்த தண்ணீரில் நெடுநேரம் பிடித்து, தாரைப் பிய்க்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

மொழியும் மாதமும்

ஒரு பேவர் கூட்டத்தில் தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி நான்கும் ஓடும். படிவம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். தமிழ்ப் பிள்ளைகள் பேச்சுக் கன்னடத்தை வேகமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். எழுத்துக் கன்னடத்தில் தினக்குறிப்பு எழுதத் தெரியாததால் சொன்னது பதிவாகாமல் போகிறது. பயிற்சியில் இரண்டு மாலைகளை இதற்கு ஒதுக்கினால் வீணில்லை.

எப்போது பயிற்சி? நிதியாண்டு முடியும் ஜனவரி முதல் மார்ச் வரை யாரையும் வேலையிலிருந்து எடுக்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் தார் வேலை குறைவு, அதே சமயம் மழையும் உண்டு. மழை பெய்து ஓய்ந்த அரைமணிக்குள், பத்துப் பேர் கொண்ட குழுவை ஒரு வார்டு முழுக்க நடக்கவிட்டு, தண்ணீர் நிற்கும் இடம், அதன் அருகிலுள்ள வடிகால் வாய், அந்தத் தெருவில் கடைசியாகத் தார் போட்ட தேதி, ஒப்பந்ததாரர் இன்னும் பழுது பார்க்கக் கடமைப்பட்ட காலத்துக்குள் இருக்கிறாரா என்பது ஆகிய நான்கையும் வார்டு வரைபடத்தில் குறிக்கச் சொல்ல வேண்டும். காலம் முடியாத தெருக்களுக்கு அன்றே நோட்டீஸ் போகலாம். மற்றவை நவம்பரில் தயாராகும் எஸ்டிமேட்டில் சுரண்டல், மூடி உயர்த்தல், வடிகால் வாய் என்று தனித்தனி வரியாக ஏற வேண்டும்.